பூட்டிய பையும் பூட்டாத பையும்

சைக்கிளில் பையைக் காப்பது எப்படி என்று யார் கேட்டாலும் விளக்கமாகச் சொல்வேன். இதுவரை யாரும் கேட்டதில்லை. பம்பையும் விளக்கையும் கழற்றிக் கையோடு கொண்டுபோக வேண்டும். பையின் வாயை நாடாவால் இறுக்கி முடிந்து, கேரியரில் வைத்து, சங்கிலியைப் பையின் காதுகள் வழியாகவும் சக்கரத்தின் வழியாகவும் விட்டுப் பூட்ட வேண்டும். பூட்டை இழுத்துப் பார்க்காமல் நகரக் கூடாது. அரசாங்கக் கிடங்குக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் காலத்தில் ஒரு திருகாணி தொலைந்ததில்லை.

போன அமாவாசை காலையில் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனபோது இரண்டு பைகள் வைத்திருந்தேன். இரண்டும் பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பைகள். ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம் நடந்தால் அப்புறம் பாதி ஊர் அதே பையோடுதான் நடமாடும். ஒன்றில் எள்ளும் தர்ப்பையும். மற்றதில் என் மனைவியின் காது மெஷின். அது நின்றுபோனதிலிருந்து, மகள் போன் செய்தால் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தர்ப்பணம் முடித்து, அப்படியே பாலம் தாண்டி டவுனில் ரிப்பேருக்குக் கொடுப்பதாகத் திட்டம்.

மெஷின் பையைப் பூட்டிவிட்டு, எள் பையோடு படியிறங்கினேன். அப்படித்தான் நம்பினேன்.

தர்ப்பணம் பண்ணிவைக்கும் வாத்தியாரிடமே எல்லாம் இருந்ததால் பையைத் திறக்கவில்லை. படியில் வைத்துவிட்டு, கடைசியில் ஒரு முழுக்குப் போட்டு எழுந்தால் பை இல்லை. எள் திருடுகிறவனுக்கும் முன்னோர்கள் இருப்பார்கள் என்று பெருந்தன்மையோடு விட்டுவிட்டேன்.

மேலே வந்தால், என் ஹேண்டில்பாரில் அதே கல்யாணப் பை ஒன்று பூட்டில்லாமல் தொங்கியது. எவனோ பொறுப்பில்லாதவன் என் சைக்கிளைக் கொக்கியாக்கியிருக்கிறான். எடுத்து அடுத்த சைக்கிளில் மாட்டினேன். பிறகு பூட்டைத் திறந்து என் பையை அவிழ்த்தேன். உள்ளே எள்.

பூட்டில் கீறல்கூட இல்லை. சாவி என் இடுப்பில். பூட்டைத் திறந்து, மெஷினை எடுத்து, எள்ளை வைத்து, நாடாவை முடிந்து, மறுபடி பூட்டிவிட்டுப் போன திருடனை எந்த வகையில் சேர்ப்பது? ஈர வேட்டியோடு சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சொல்வது, சொன்னாலும் அவள் எப்படிக் கேட்பது என்று வேறு குழப்பம்.

காபி குடிக்கப் போய்க்கொண்டிருந்த வாத்தியார் நின்றார்.

"என்ன மாமா தேடறேள்? படியில வெச்ச பையை மாடு மோந்து பாத்துண்டிருந்தது. நான்தானே கொண்டுவந்து உங்க ஹேண்டில்ல மாட்டினேன்."

திரும்பினேன். அடுத்த சைக்கிள் அதற்குள் தெருமுனையில் போய்க்கொண்டிருந்தது. கத்திக்கொண்டே ஓடினேன். ஓட்டிப்போனவர் காலை ஊன்றி நிறுத்தினார். பையைத் தராமல் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான சார் மாட்டுனீங்க? டீக்கடையிலேர்ந்து பாத்தேன். அமாவாசைக்கு ஏதோ தானம் பண்றீங்கன்னு நெனச்சு, அங்கேர்ந்தே ஒரு கும்பிடு போட்டேனே."

பதில் கும்பிடு போட்டுப் பையை வாங்கிக்கொண்டேன்.

மெஷின் சாயங்காலமே சரியாகி வந்தது. அவள் அதைக் காதில் மாட்டிக்கொண்டதும் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்: பைகள் எங்கே மாறியிருக்கலாம், பூட்டும் முறையில் எந்தக் கட்டத்தில் ஓட்டை இருந்தது என்பது வரை. பொறுமையாகக் கேட்டாள்.

"இதை நான் மெஷினை மாட்டிக்கறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கப்படாதா?" என்றாள்.

பை எங்கே மாறியது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.