கறுவல் பார்க்கக் கூடாது

மாட்டு வியாபாரத்தில் விலை பேசத்தான் வாய் வேணும். வாங்கிய மாடு பின்னால் நடந்து வரும்போது அந்த வாயால் ஒரு பிரயோசனமும் இல்லை. கோழியோ மீனோ மாடோ, உயிரை விற்றுச் சோறு தின்கிற என் கூட்டாளிகளே, உங்களுக்கு இது விளங்கும்.

சண்டையில்லாத பேரம்

ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் அறுக்க மாடு தேடி வரிப்பத்தான்சேனைக்குப் போனேன். மீராசாகிபு காக்கா என்ற வயற்காரரிடம் கறுவல் என்றொரு காளை இருந்தது. மனைவிக்கு ஒப்பரேசன் என்பதால் விற்கிறார். பல்லைப் பார்த்து முகத்தைச் சுளித்தேன். போகிற மாதிரி மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணினேன். என் கூத்தெல்லாம் வீண். நான் கேட்ட விலைக்கே மனிதர் தலையாட்டிவிட்டார்.

எதிர்த்துக் கத்த ஆளில்லாவிட்டால் எனக்குக் கோபம் வரும். "அப்ப வேற என்னதான் வேணும் காக்கா?" என்று பாய்ந்தேன். மாட்டை விற்றாலும் கயிற்றை விற்பதில்லையாம், அது திரும்பி வர வேணுமாம். பிறகு கயிற்றை என் கையில் வைத்து, விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னார்:

"மற்ற மாட்ட அறுக்கிறத இவன் பார்க்கப்படாது தம்பி. சரியான பயந்தவன்."

ஊர்வலம்

பயந்தவன் என்பது எங்கள் ஊர் கல்முனையில் லொறியை விட்டு இறக்கியதுமே தெரிந்தது. பஸ் ஹோர்ன் கேட்டால் நடுக்கம், ஓட்டோவைக் கண்டால் பின்வாங்கல். என் தோளில் கிடந்த துவாயை எடுத்து அவன் கண்ணைக் கட்டி, கழுத்தைத் தடவித் தடவி நடத்திக்கொண்டு போனேன். தேத்தண்ணிக் கடை வாசலில் இருந்த சிநேகிதன் பார்த்துவிட்டான்.

"என்ன மச்சான், அறுக்கப் போற மாட்டுக்கு மாப்பிள்ள ஊர்வலமா?"

வரிசை

பெருநாளன்று மாடுகளை ஒன்றின் பின் ஒன்றாகக் கட்டியிருந்தார்கள். ஒன்றைக் காட்டி இன்னொன்றை அறுக்கப்படாது என்று மார்க்கத்தில் இருக்கிறது. அவசரத்தில் எல்லோருக்கும் மறதி. நான் தொண்டை கிழியக் கத்தினேன். கறுவலுக்குக் காசு சேர்த்துப் பங்குபோட்ட ஏழு பேரில் ஒருவர், "நீ கறியப் பத்திக் கதை, மாட்டப் பத்திக் கதைக்காத" என்றார். அவரையும் ஏசிவிட்டு, கறுவலைச் சுவருக்குப் பின்னால் கொண்டுபோய், கண்ணைக் கட்டி நிறுத்தினேன்.

முறை வந்தது. அறுக்க வந்த மௌலவி கத்தியைக் கழுவி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். ரத்தத்தின் மேல் கடல் மணல் போட்டு மூடியிருந்தார்கள். கறுவல் அந்த மணலில் கால் வைத்ததும் நின்றான். மூக்கு விரிந்தது. இழுத்துக்கொண்டு ஓடுகிற மாடுகளை எனக்குத் தெரியும். இவன் ஓடவில்லை, தலையை என் கைக்குள் புதைத்துக்கொண்டு நடுங்கினான். மௌலவி கத்தியை மறைத்தபடியே சொன்னார்:

"உங்களத்தான் நம்பிட்டுது போல."

கயிறு

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, கயிறும் ஒரு பை கறியுமாக வரிப்பத்தான்சேனைக்குப் போனேன். மீராசாகிபு காக்கா கறியை வாங்கவில்லை. கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு, "பார்த்தானா?" என்றார்.

"அல்லாஹ் அறிய, ஒண்டையும் பார்க்கல்ல காக்கா! கண்ணக் கட்டித்தான் கொண்டுபோன" என்று சத்தமாகச் சொன்னேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அவர் கயிற்றை முகத்தருகே கொண்டுபோய் மோந்தார்.

"மூக்க என்ன செஞ்சீங்க தம்பி?"

எந்த விலையையும் கத்திக் குறைக்கிற நான், அந்தக் கேள்வியில் ஒரு சதமும் குறைக்க முடியாமல் வீட்டுக்கு வந்து, அந்தக் கறியில் உறைப்புக் கூடிவிட்டது என்று மனைவியிடம் கத்திவிட்டு, தின்றேன்.