தேயிலைப் பாக்கெட்டில் வந்த முகம்

விற்கவில்லை. என் பேத்தி லோஜினி தன்னைப் பெற்ற தாயை யாருக்கும் விற்கவில்லை. குழாயடியில் நின்று அப்படிச் சொல்லித் திரிகிற நல்லம்மாவுக்கு என்ன தெரியும்? நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுவிட்டுப் பேசட்டும்.

லோஜினி எங்கள் ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ் ஏறிக் கண்டிக்குப் போய், விளம்பரப் படம் வரைகிற படிப்புப் படித்தாள். ஒரு பொருளை எப்படிக் காட்டினால் வாங்குவார்கள் என்பதும் அந்தப் படிப்பில் உண்டாம். ஜெர்மனிக் கல்லூரி ஒன்றோடு சேர்ந்த படிப்பு என்பதால், கடைசி ஆறு மாதம் அந்த நாட்டுக் கம்பெனியில் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் பட்டம் இல்லை; படித்ததெல்லாம் வீண். பிள்ளை எழுதிக் கேட்ட கம்பெனிகள் பதிலே போடவில்லை. நம் தேயிலையைப் பாக்கெட்டில் அடைத்து விற்கிற ஒன்று மட்டும், கொழுந்து பறிக்கிற பெண்ணின் படம் அனுப்பு, பிடித்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றது.

வீட்டிலேயே கொழுந்து பறிக்கிறவள் இருக்கிறாளே! என் மகள் அன்னலெட்சுமி, படம் என்றதும் கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுச் சேலையை எடுத்தாள். பவுடர் போட்டு, பூ வைத்து, என் தோட்டையும் வாங்கி மாட்டிக்கொண்டு தேயிலைச் செடிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றாள். படம் எடுப்பதென்றால் எங்கள் லயத்து வீடுகளில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நிற்போம்.

கம்பெனிக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. வேலைக் கோலத்தில் வேண்டுமாம்.

"அம்மா, ஒரேயொரு தடவ மலையில வச்சு எடுத்துக்கிறேன்மா."

"சாக்கு கட்டிக்கிட்டு, அட்டை கடிச்ச காலோடயா? அந்தக் கோலத்த ஒலகம் பாக்கவா ஒன்னயப் படிக்க வச்சேன்? செத்தாலும் முடியாது."

கெஞ்சிப் பார்த்தாள். என் மகள் என்னைப் போல. முடியாது என்றால் முடியாதுதான். படம் அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியது. ஒரு மழையில் லோஜினி, தாய் கொழுந்து பறிக்கிற மலைக்குச் சோறு கொண்டுபோனாள். இடுப்பில் சாக்கு, தலையில் பிளாஸ்டிக் தாள், முகமெல்லாம் தண்ணீர். அப்படியே தாயை, அவளுக்குத் தெரியாமல், போனில் எடுத்து அனுப்பிவிட்டாள். மறுநாளே வரச் சொல்லிவிட்டார்கள்.

விசா கைக்கு வந்த வாரம், கத்தாரிலிருக்கும் நல்லம்மாவின் மகன் தாய்க்கு ஒரு விளம்பரம் அனுப்பினான். மழையில் எடுத்த அந்தப் படத்தைக் கம்பெனி பாக்கெட்டிலேயே அச்சடித்திருந்தது. நல்லம்மா போனைக் குழாயடிக்குக் கொண்டுவந்து, எல்லாருக்கும் முன்னால் என் மகளிடம் நீட்டினாள்.

"பாரு அன்னம், ஒம் மகளுக்கு முந்தி நீ ஜெர்மனிக்குப் போயிட்ட!"

எல்லாரும் சிரித்தார்கள். என் மகள் குடத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்தாள். அதன் பிறகு லோஜினியோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

"புள்ளைக்கு வேற வழி இருந்துச்சாடி? நீ கொழுந்து பறிக்கிறது பொய்யா?" என்று நான் கேட்டேன்.

"ஒங்களப் பாத்தா சிரிச்சாங்க?" என்றாள்.

லோஜினிக்கும் சந்தோஷம் இல்லை. "போகாம இருந்துறவா அம்மாயி?" என்றாள்.

"போகாட்டி அந்தப் படம் திரும்பி வந்துருமா? போ."

"அங்கயும் இதே வேலதான். இந்த மாதிரிப் படம் இன்னும் நெறைய வேணுமாம்" என்று அழுதாள்.

போகிற அன்று வேன் வந்து ரோட்டில் நின்றது. அன்னலெட்சுமி அடுப்படியை விட்டு எழவில்லை. லோஜினி போனைக் கையில் பிடித்துக்கொண்டு போய் அவள் பின்னால் நின்றாள்.

"அம்மா, நம்ம மூணு பேரும் ஒரு படம் எடுத்துக்குவோம். பட்டுச் சேலையக் கட்டிக்கிட்டு வாங்கம்மா."

பேசாமல் இருந்தவள் பேசினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒண்ணு வச்சிருக்கியே. அதயே பாத்துக்க."

நான்தான் பிள்ளைக்குத் திருநீறு பூசிவிட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.