போனை அணைத்து வைத்த நாலு நாள்

சென்னையில் பதினேழு வருஷம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் குப்பை கொட்டினேன். ராஜினாமா கொடுத்துவிட்டு ஜவ்வாது மலைக்கு வந்தபோது கேட்டவர்களிடம் இரண்டு காரணம் சொன்னேன். எழுத வேண்டும், நாலு பேருக்கு உதவ வேண்டும். மூன்றாவது காரணத்தை வெளியே சொல்லவில்லை. இனிமேல் என் போனை நான் நினைத்தபோது அணைத்து வைக்கலாம். சாப்பாடு, தூக்கம், குளியல் என்று பார்க்காமல் என்னைக் கூப்பிட்ட சனியன் அது. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

காவலூரில் வீடு பிடித்தேன். காலையில் நாவல், மதியத்துக்கு மேல் மலைக்காரர்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது. சாதிச் சான்று, உதவித்தொகை, காலேஜ் எல்லாமே இப்போது ஆன்லைன்தான், எல்லாவற்றுக்கும் ஒரு மொபைல் நம்பர் கேட்கும். மலைக்கு உள்ளே நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் பாதி ஊரில் டவர் எடுக்காது. அதனால் யார் வந்தாலும் என் நம்பரையே போட்டுவிடுவேன். மெசேஜ் வந்தால் ஷேர் ஜீப் ஓட்டுகிறவரிடம் சொல்லி அனுப்புவேன். இதில் எனக்குப் பெருமை வேறு.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். சாமை விதைக்கிற குடும்பம். பிளஸ் டூவில் நல்ல மார்க். நர்சிங் தவிர வேறு எதையும் காதில் வாங்க மாட்டாள். அவளுடைய சித்தி பிரசவ வலியில் ஜீப்புக்குக் காத்திருந்தே செத்துப்போனவள். விண்ணப்பத்தை நான்தான் போட்டேன், என் நம்பரோடு.

அப்போது நாவல் கடைசி அத்தியாயத்தில் முட்டிக்கொண்டு நின்றது. சீட் மெசேஜ் அடுத்த வாரம்தான் வரும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலையில் போனை அணைத்து அலமாரியில் துணிக்கு அடியில் போட்டேன். வெளியே விடாத மழை. நாலு நாள் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு சந்தோஷமாக நான் எழுதியதே இல்லை.

வெள்ளிக்கிழமை போனை ஆன் செய்தேன். திங்கட்கிழமை மதியமே மெசேஜ் வந்திருந்தது. இடம் கிடைத்திருக்கிறது, மூன்று நாளுக்குள் நேரில் வந்து சேர வேண்டும். கல்லூரிக்குப் போன் போட்டுக் கெஞ்சினேன், அழுதேன், பழைய கம்பெனி இங்கிலீஷில் அதட்டியும் பார்த்தேன். இடம் அடுத்தவருக்குப் போய்விட்டது என்றார்கள்.

மறுநாள் அவளே வந்தாள்.

"இன்னாக்கா, எதுனா வந்துச்சா?"

போனை நீட்டினேன். நின்றபடியே படித்தாள்.

"திங்கக்கிழமையே வந்துக்குதேக்கா."

"போன் ஆஃப் ஆயிருந்துச்சும்மா," என்றேன். ஆயிருந்துச்சாம்! யாரோ வந்து அணைத்துவிட்டுப் போன மாதிரி.

அவள் திரும்பத் திரும்ப அந்த மெசேஜையே பார்த்தாள். பிறகு அவளே கேட்டாள்: "சார்ஜ் இல்லியாக்கா? மழையில கரண்டு இல்லாம போச்சா?"

"ஆமா," என்றேன்.

ஒரு வார்த்தைதான். அதைச் சொன்ன வாயைப் பிய்த்துப் போடலாம் போலிருக்கிறது. அந்த அத்தியாயம் நன்றாக வந்திருப்பதாகப் படித்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதைத் தொடவே அருவருப்பாக இருக்கிறது. எழுத்தும் சேவையும் ஒன்றுக்கொன்று துணை என்று ஊரெல்லாம் பேசித் திரிந்தவள் நான்.

அடுத்த மாதம் அவளைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பினார்கள். வழியனுப்ப ஜீப் நிற்கிற இடத்துக்குப் போனேன். அவளுடைய அப்பா பையை மேலே ஏற்றிக் கட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்த மெசேஜ் மட்டும் ரெண்டு நாள் முன்ன தெரிஞ்சிருந்தா மேடம்..."

ஜீப்புக்குள்ளிருந்து அவள் குறுக்கிட்டாள். "வுடுப்பா. கரண்டு இல்லாததுக்கு அக்கா இன்னா பண்ணுவாங்க?"

"அதுவும் நாயந்தான்," என்றார் அவர். எங்களுக்காக இவ்வளவு அலைந்தீர்களே என்று என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.