கோடி போட்டவர்

எங்கள் அப்பாவுக்குத் தி.நகரில் துணிக்கடை. சாயம் போகாது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுபேச்சில்லாமல் வாங்கிப் போவார்கள். நானும் அவர் வார்த்தையை அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அண்ணன் கடையில் உட்கார மாட்டேன் என்று அப்பாவோடு மல்லுக்கட்டிவிட்டு, சரக்குக் கப்பலில் வேலைக்குப் போயிருந்தான். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, வீடு வீடாகப் பத்திரிகை கொடுத்துக்கொண்டிருந்த ஐப்பசியில் புயல் வந்தது. அண்ணன் என் கல்யாணத்துக்கென்றே வந்துகொண்டிருந்த கப்பல், மெட்ராஸை நெருங்கும்போது உடைந்துபோனது.

நொச்சிக்குப்பத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை பிணங்கள் கரை ஒதுங்கின. ஒதுங்காதவற்றைக் குப்பத்து ஆட்கள் கட்டுமரத்தில் போய் இழுத்து வந்தார்கள். சொந்தக்காரர்கள் வந்து அடையாளம் காட்டி எடுத்துப் போகலாம் என்று போலீஸ் சொன்னது. அப்பா தனியாகத்தான் போனார். அம்மா வாசல்வரை பின்னாலேயே போய், "மொகத்தப் பாக்காதீங்க. தண்ணியில ஊறுன மொகம் ஏமாத்தும். காலப் பாருங்க" என்றாள். அண்ணனுக்கு இடது காலில் ஆறு விரல்.

அப்பா திரும்பி வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, "நம்ம பய இல்ல" என்றார். அம்மா சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். குறித்த முகூர்த்தத்தில் எனக்குத் தாலி ஏறியது.

அண்ணன் எங்கோ கரையேறி, ஏதோ தேசத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்றே அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். குடுகுடுப்பைக்காரன் ஒருவன், கிழக்கே இருக்கிறான் என்று குறி சொல்லி ஒரு பழம்புடவையை வாங்கிப் போனான். கிழக்கே கடல்தானே இருக்கிறது என்று நான் கேலிகூடச் செய்தேன். ராத்திரி எல்லாரும் சாப்பிட்ட பிறகும் பானையில் அண்ணனுக்கென்று சோறு இருக்கும்.

நான் வாழ்க்கைப்பட்டது மயிலாப்பூரில். நொச்சிக்குப்பத்திலிருந்து ஒரு அம்மாள் வாசலுக்கு மீன் கொண்டுவருவாள். ஒருநாள் அவளிடம் நான் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, என்னைப் பார்க்க வந்திருந்த அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

"இந்தப் பெரியவரு ஒனுக்கு இன்னா வேணும்?"

"அப்பா."

"கப்பல் ஒடைஞ்சப்ப வந்தாரே. எங்கூட்டுக்காரருதான் அந்தப் பொணத்த இஸ்துக்கினு வந்தாரு. கால்ல ஆறு வெரலு. இவரு அந்தக் காலப் புடிச்சிக்கினு குந்திக்கினே இருந்தாரு. அப்பால பையிலேந்து கோடி வேட்டி எடுத்துப் போத்துனாரு. ஒன் புள்ளையான்னு போலீஸ்காரரு கேட்டதுக்கு, இல்லேன்ட்டாரு."

அவள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். "பெரிய தர்மவான்னு அந்தப் போலீஸ்காரரு கும்புட்டாரு. சின்ன வயசு, அதுக்கு இன்னா தெரியும்? ஊரான் பொணத்துக்கு எவன்மா கோடி போடுவான்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனுஷனுக்கு, பெற்ற பிள்ளையைக் கோடி போடாமல் அனுப்ப மட்டும் மனசு வரவில்லை. போகிற வழியில் கடைக்குப் போய் வேட்டி எடுத்திருக்கிறார். அது என்ன மனசு என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

மறுநாளே தி.நகருக்குப் போனேன். அப்பா மல் துணியை அளந்து கிழித்துக்கொண்டிருந்தார். கடை ஆட்கள் இருக்கிறார்களே என்றும் பார்க்காமல், அது அண்ணன்தானே என்று கேட்டேன். அவர் அவர்களை வெளியே அனுப்பினார். துணியை மடித்து வைத்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"சாவு வீட்டுல மேளம் கொட்ட முடியுமா? ராசியில்லாத பொண்ணுன்னு மாப்ள வீட்டுக்காரங்க ஒன்ன விட்டுட்டுப் போயிருப்பாங்க. போனவனுக்காவ இருக்கிறவள விட முடியுமாட்டி?"

"அம்மாகிட்ட சொல்லுங்க."

"நீயே சொல்லு. பொறவு அவ ஒன் மொகத்துல முழிக்காளான்னு பாரு."

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். அப்பா அறுத்தது போதாதென்று கத்தியையும் என் கையில் கொடுத்துவிட்டார். என் அண்ணனை நாதியற்றவனாக்கிவிட்டு, என் தாலிக்காகத்தான் செய்தேன் என்கிறார். என்னை யார் கேட்டார்கள்? கேட்டிருந்தால் அந்தக் கல்யாணமே வேண்டாம் என்றிருப்பேன். அங்கிருந்து நேரே அம்மாவிடம் போனேன்.

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஒன்று விடாமல் சொன்னேன். மாரிலடித்துக்கொண்டு அழுவாள், என்னை வெளியே போ என்பாள் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்து, எங்கே புதைத்தார்கள் என்று மட்டும் கேட்டாள். மீன்கார அம்மாளிடம் விசாரித்ததில், கேட்பாரில்லாத பிணம் என்று கார்ப்பரேஷன் வண்டியில் ஏற்றிப் போய்விட்டார்களாம், இடம் யாருக்கும் தெரியவில்லை என்றேன்.

அம்மா கீரையைத் தள்ளி வைத்தாள்.

"ஒன் கல்யாணப் பந்தியில அவருக்கு நாந்தான் பரிமாறுனேன்" என்றாள். "ரெண்டாந்தரம் பாயாசம் கேட்டு வாங்கிக் குடிச்சாரு."