சர்க்கரை போடாத பீட்ரூட் கேக்

பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்தால் மறுநாள் வரைக்கும் கை சிவந்துதான் கிடக்கும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் இருப்பது போகாது. சிறுசேரியில் எங்கள் அலுவலக வாசலில் நிற்கும் காவலாளி ஒருநாள் என் கையைப் பார்த்துவிட்டு, "யாரையாச்சும் போட்டுத் தள்ளிட்டு வர்றியா சார்?" என்று கேட்டார். கேக் செய்துவிட்டு வருகிறேன் என்றேன். அதற்குக் கொலையே தேவலை என்பதுபோல் பார்த்தார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அதுவரை வெந்நீர்கூட ஒழுங்காக வைத்தறியாத ஆள் நான். செங்கல்பட்டில் எங்கள் மாடி வீட்டில் கேக் என்பது என் மனைவியின் சமாசாரம். செய்வதில் அல்ல, தின்பதில். பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு மாரடித்துவிட்டு வருகிறவள், ஸ்டேஷன் பக்கத்து பேக்கரியைத் தாண்டி வெறும் கையோடு வீடு வந்ததே இல்லை. பிளம் கேக், க்ரீம் கேக், ஒன்றும் கிடைக்காத நாளில் தேங்காய் பன். சர்க்கரை வியாதி வந்த பிறகும் அது திருட்டுத்தனமாக நடந்துகொண்டுதான் இருந்தது. நானும் கண்டும் காணாமல் இருந்தேன்.

பிறகு புற்றுநோய் வந்தது. வயிற்றில். ஆபரேஷன் செய்தார்கள். அதற்கப்புறம் சில வாரங்களுக்கு ஒருமுறை ஊசி. ஊசி என்றால் குத்தி எடுத்துவிடுவது இல்லை, பகல் முழுக்கப் படுக்க வைத்துச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது. அது ஏற ஏற அவளுக்கு ஒவ்வொரு சாப்பாடாகக் கழன்றுபோனது. முட்டை வாடை பட்டாலே குமட்டல். பால் குடித்தால் வயிற்றில் தங்கவில்லை. தயிர், வெண்ணெய், நெய் எல்லாம் அதே கதை. மிச்சமிருந்தது சர்க்கரை. அதில் டாக்டர் கறாராக இருந்தார். ரத்தத்தில் சர்க்கரை ரொம்ப ஏறினால் ஊசியைத் தள்ளிப் போட வேண்டியிருக்கும் என்றார். ஒரு தடவை அப்படித் தள்ளியும் போட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில், "நானே என் தலையில மண்ண வாரிப் போட்டுக்கினேன்" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் சர்க்கரையைத் தொடவில்லை. ஊசி நிற்காமல் நடந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்பினாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஒரு தடவை ஸ்கேன் எடுத்துவிட்டுத் திரும்பும்போது கடலைப் பார்க்க வேண்டும் என்றாள். மாமல்லபுரம் போனோம். வெள்ளைக்காரர்கள் அறை எடுத்துத் தங்கும் தெருவில் ஒரு சின்னக் கடையில் வெயிலுக்கு ஒதுங்கி உட்கார்ந்தோம். கண்ணாடிப் பெட்டிக்குள் கருஞ்சிவப்பாக ஒரு கேக் இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் உள்ளூர்க்காரர், கடலுக்குப் போவதை விட்டுவிட்டு அடுப்புக்கு வந்தவர். அவள் பார்வையைக் கவனித்துவிட்டார்.

"அதுல பாலு கெடயாது, முட்ட கெடயாது, சக்கர ஒண்ணியும் கெடயாது அண்ணாத்த. பீட்ரூட்டு, கொஞ்சம் பேரீச்சம்பயம், தேங்கா பாலு. வெள்ளக்காரங்கோ இத்ததான் தேடினு வந்து துன்றாங்கோ" என்றார் என்னிடம்.

"அப்ப கேக்குன்னு இன்னாத்துக்கு பேரு வச்சிகிறீங்க?" என்றாள் என் மனைவி.

அவர் சிரித்துக்கொண்டே ஒரு துண்டு வெட்டி வைத்தார். அவள் முழுவதையும் சாப்பிட்டாள். தட்டில் ஒட்டியிருந்த தூளை விரலால் தொட்டுத் தொட்டு எடுத்தாள். அவள் ஒரு பொருளை விரும்பித் தின்று நான் பார்த்து மாசக்கணக்கில் ஆகியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மணல் விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். கடைக்காரரிடம் செய்முறை கேட்டேன். கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னார். பாதிதான் புரிந்தது.

அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். ஒரு சின்ன ஓவன் வாங்கினேன். முதல் கேக் பரங்கிக்காயில். காயை வேகவைத்து மசித்தேனே தவிர தண்ணீரை வடிக்கவில்லை. வெளியே எடுத்தபோது மேலே பொருக்கு, உள்ளே களி. "கேவுரு மாவு போட்டியா, இல்ல நேரா கூழே ஊத்திட்டியா?" என்று கேட்டுவிட்டு ஏதோ கொஞ்சம் சாப்பிட்டாள். அடுத்தது சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அது தொண்டையை அடைத்தது. முட்டைக்குப் பதிலாக ஆளி விதையைப் பொடித்து ஊறவைத்தால் வழவழவென்று வரும், மாவைப் பிடித்துக்கொள்ளும் என்று போகப் போகத் தெரிந்தது. பீட்ரூட்டில் ஆப்ப சோடா கூடிவிட்டால் சிவப்பு செத்துப் பழுப்பாகும், எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் நிற்கும் என்பதும் தெரிந்தது. கடலை எண்ணெய் வாடை அவளுக்கு ஆகவில்லை, தேங்காய்ப் பால் ஆனது. கோதுமை மாவும் கேழ்வரகு மாவும் சரிபாதி. இனிப்புக்கு ஒன்றிரண்டு பேரீச்சை, காயில் இருக்கிற இனிப்பு, அவ்வளவுதான்.

காய்கறிக் கடையில் எனக்கு ஒரு பேரே வந்துவிட்டது. "பீட்ரூட்டு சார் வந்துட்டாரு" என்று கடைக்கார அம்மா குரல் கொடுப்பார். "வூட்ல வேற எதுவும் துன்ன மாட்டீங்களா சார்?" என்று ஒருநாள் கேட்டார். அவரிடம் கதையெல்லாம் சொல்லத் தோன்றவில்லை. சிரித்துவிட்டு வந்தேன்.

நியாயமாகச் சொன்னால் அது ஒன்றும் பெரிய ருசி இல்லை. மண் வாசனை அடிக்கும், கனமாக இருக்கும். கேக்குக்கும் பொரியலுக்கும் பொறந்தது என்று அவள் கிண்டல் செய்வாள். ஆனால் சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டிலில் இருந்தபடியே நான் துருவுவதைப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருப்பாள். வெட்டிக் கொடுத்ததும் வாயில் வைப்பதற்கு முன்னால், "யோவ், சக்கர போடலியே?" என்று கேட்பாள். இல்லை என்பேன். அதற்கப்புறம்தான் கடிப்பாள். தின்று முடித்ததும் ஏதோ ஒரு வேலையை முடித்தவள் மாதிரி தெம்பாகச் சாய்ந்துகொள்வாள். ருசிக்காக இல்லை, அடுத்த ஊசிக்காகத்தான் தின்கிறாள் என்று எனக்குத் தோன்றும்.

மழைக்காலத்தில் அவள் ரொம்ப இளைத்துப்போனாள். மறுபடி ஸ்கேன். டாக்டர் அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். படத்தைக் காட்டி என்னென்னவோ விளக்கினார். என் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. கடைசியில் சொன்னது மட்டும் ஏறியது. "இனிமே ஊசி வேணாம், உடம்பு தாங்காது. வலிக்கு மாத்திரை எழுதித் தர்றேன், வீட்லயே வச்சுப் பார்த்துக்குங்க. சர்க்கரையெல்லாம் பார்க்காதீங்க. அவங்க ஆசைப்பட்டு எதைக் கேட்டாலும் குடுங்க."

இதற்கு நம் ஊரில் யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தின்னாதே இதைத் தின்னாதே என்று ஆயுள் முழுக்க உயிரை எடுப்பவர்கள், இரண்டு பேரிடம் மட்டும்தான் உனக்கு என்ன தோணுது சொல்லு என்று கேட்பார்கள். மசக்கையாக இருப்பவளிடம், இல்லையென்றால் சாகக் கிடப்பவரிடம். ஆசையோடு போய்விட்டால் இருக்கிறவர்களுக்கு ஆறாது. அதனால் பிரியாணியும் ஜிலேபியும் வரும், வருகிறவர்கள் எல்லாம் கையில் ஒரு பொட்டலத்தோடு வருவார்கள். படுத்திருப்பவருக்கும் அதன் அர்த்தம் தெரியும் என்பதை மட்டும் யாரும் யோசிக்க மாட்டார்கள். என் அப்பாவுக்கு நாங்களே குவார்ட்டர் வாங்கி வந்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தோம். அவர் டம்ளரையும் எங்களையும் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே வந்ததும், "இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள்.

"கொஞ்ச நாளு ரெஸ்ட்டு. அப்புறம் புது ஊசி. அதுவரைக்கும் சர்க்கரை ஏறவே கூடாதாம்" என்றேன். வாய் தானாகச் சொன்னது. இன்றைக்கும் அதைத் தப்பென்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவள் முகம் தெளிந்ததை நான்தான் பார்த்தேன், எனக்குப் புத்தி சொல்ல வருகிறவர்கள் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் தலைமை ஆசிரியைக்குப் போன் போட்டாள். "புது ஊசி போடறாங்க டீச்சர். ஜூன்ல ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள வந்துடுவேன்" என்றாள். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு என்னைப் போல் கறாரானவன் கிடையாது. பேரீச்சையைக்கூடக் குறைத்தேன். கீழ் வீட்டிலிருந்து வந்த கேசரியைப் படியிலேயே திருப்பி அனுப்பினேன், அதுவும் அவள் காதில் விழும்படி உரக்கச் சொல்லி. பத்தியம் இருக்கிற வரைக்கும் அவள் பிழைத்துக்கொள்வோம் என்றுதானே நினைப்பாள். அவள் எதற்கோ ஏங்கிப் படுத்திருப்பது தெரிந்தது. நான் பீட்ரூட் துருவிக்கொண்டிருந்தேன். வீட்டில் சிரித்துக்கொண்டிருந்ததற்கெல்லாம் சேர்த்து அலுவலகத்தில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன்.

அவள் அக்காவிடம் மட்டும் போனில் உண்மையைச் சொன்னேன். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். மதுராந்தகத்தில் இருக்கிறார். மறுநாளே பஸ் பிடித்து வந்துவிட்டார். கையில் ஒரு கேக் டப்பா. தங்கைக்குப் பிடித்த க்ரீம் கேக், மேலே ரோஜாப்பூ வைத்தது. மாடிப்படியிலேயே மறித்தேன்.

"இத்த உள்ள எடுத்துக்கினு போவாதீங்க அண்ணி. பாத்தா அவளுக்குப் புரிஞ்சிடும்."

அண்ணி டப்பாவைப் படியில் வைத்துவிட்டு என்னை முறைத்தார். "சாவப் போறவளுக்கு பீட்ரூட்ட வேவ வச்சி குடுத்துக்கினு கீறியே, நீயெல்லாம் மனுசனா தம்பி? வாய்க்கு ருசியா ஒரு வாயி குடுக்க மாட்டியா?"

"பொழச்சிக்குவேன்னு நெனச்சிக்கினு கீறா அண்ணி. அத்தப் புடுங்கச் சொல்றீங்களா?"

"ஆசையோட பூட்டான்னா எனக்கு ஆறுமா? உனக்கு ஆறுமா?"

குரலை அடக்கிக்கொண்டு சண்டை போட்டோம். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு ஆத்திரம். கடைசியில் அழுதுகொண்டே அவரே ஒரு வழி சொன்னார். "நீ போடற அந்த செவப்பு கேக்கையே போடு. சக்கரய மட்டும் அள்ளிப் போடு. அவகிட்ட சொல்லாத. வாய்க்காவது இனிக்கட்டும்."

எனக்கும் அது சரியென்று பட்டது. ஆசையும் தீரும், நம்பிக்கையும் போகாது. எங்கள் கெட்டிக்காரத்தனத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம். ரோஜாப்பூ கேக்கைக் கீழ் வீட்டில் கொடுத்துவிட்டு அண்ணி வெறும் கையோடு உள்ளே போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலத் துருவினேன், பிழிந்தேன். மாவில் சர்க்கரையைக் கொட்டினேன். அண்ணி பக்கத்தில் நின்று இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டார். மாவு தளர்ந்து பளபளத்தது. ஓவனுக்குள் அதுவரை எழும்பாத கேக் எழும்பியது, மேலே அழகாகப் பொருக்குக் கட்டியது, வீடெல்லாம் பேக்கரி வாசனை. நான் செய்ததிலேயே கேக் மாதிரி இருந்த ஒரே கேக் அதுதான். அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அண்ணி சமையலறையிலேயே நின்றுகொண்டார். நான் ஒரு துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் எப்போதும் கேட்பதைக் கேட்டாள், நான் எப்போதும் சொல்வதைச் சொன்னேன். கடித்தாள். மென்றாள். மெல்வது மெதுவாகி நின்றுபோனது. விழுங்காமல் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பிவிடுவாள் என்று நினைத்தேன். துப்பியிருக்க வேண்டும், ஊசியைக் கெடுக்கப் பார்த்தாயா பாவி என்று என்னைக் கிழித்திருக்க வேண்டும். அவள் விழுங்கினாள்.

"டாக்டரு எப்ப சொன்னாரு?" என்று கேட்டாள்.

தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கடைசியா ஆஸ்பத்திரி போனமே, அன்னிக்கா?"

தலையை ஆட்டினேன்.

"இத்தினி நாளா நீ ஒருத்தனா இத்த மனசுல வச்சிக்கினு கீறியா?"

என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் உட்கார வைத்தாள். சமையலறைப் பக்கம் பார்த்து, "அக்கா, நீயும் வா. அங்க நின்னுக்கினு அயுவாத" என்றாள். அண்ணி வந்து அவள் காலடியில் உட்கார்ந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் அவள்தான் ஆறுதல் சொன்னாள். அழ வேண்டியவள் அழவில்லை. துண்டில் பாதியைத் தின்றுவிட்டு மீதியை என் தட்டில் வைத்தாள்.

"நல்லா இல்லியா?" என்று கேட்டேன். எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி.

"நல்லா கீது. கடையில வாங்கினது மாரி கீது" என்றாள். "ஆனா அடுத்த வாரம் பழசே போடு. சக்கர வேணாம். அத்தத் துன்னும்போது பொழச்சிக்குவேன்னு இருந்திச்சு."

சரி என்றேன். அந்த வாரமே பீட்ரூட் வாங்கி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் அவள் போய்விட்டாள்.