ஆறு மணி நாடி

கொதிக்கிற தண்ணீரில் கண்ணாடிச் சிரிஞ்சுகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் சத்தத்தோடுதான் என் தொழில் தொடங்கியது. குளிரில் பல் அடித்துக்கொள்வது மாதிரி மெல்லிய சத்தம். அரை நூற்றாண்டுக்கு முன் கேட்டது; இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

நர்ஸ் வேலை கையால் செய்வது. நர்ஸ்களுக்கு மேல்படிப்பு சொல்லிக்கொடுப்பது வாயால் செய்வது. அதிர்ச்சி என்னவோ இரண்டாவதில்தான் அதிகம். பணி ஓய்வுக்குப் பிறகும் விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. நர்சிங் வகுப்பு எடுத்தேன். வார்டு இன்சார்ஜாகவும் சூப்பரிண்டெண்டாகவும் உயரப்போகிறவர்களுக்கான படிப்பு அது. இதே பிழைப்பில் இருப்பவர்களே, தலையில் கைவைத்து உட்கார்ந்த நாட்கள் உங்களுக்கும் இருக்கும்.

ஒரே நாற்காலி

வகுப்பில் ஆரோக்கியமேரிதான் மூத்தவள். நாற்பத்திரண்டு வயது. சொந்த ஊர் முகையூர்ப் பக்கம்; திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடம் ஸ்டாஃப் நர்ஸ். படித்து முடித்து வந்தால் பெண்கள் வார்டின் இன்சார்ஜ் ஆக்குகிறோம் என்று சொல்லி, நிர்வாகமே அவளைப் படிப்பு விடுப்பில் அனுப்பியிருந்தது.

தலைமைப் பண்பு பற்றிய முதல் வகுப்பு. டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிறார், இன்சார்ஜான நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நோயாளியின் நிலையைச் சொல்வேன், ரிப்போர்ட்டை எடுத்து வைப்பேன் என்று யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். எழுந்து நின்று நாற்காலியைக் கொடுப்போம் என்றார்கள் அத்தனை பேரும். நீங்களும் அந்த வார்டுக்குப் பொறுப்பாளர்தானே, ஏன் எழ வேண்டும் என்றேன். மேரிதான் எனக்கு விளக்கினாள்.

"வார்டுல ஒரு நாற்காலிதான் மேடம் இருக்குது. நாங்க எழுந்தாத்தான் அவரு உக்காருவாரு."

வீட்டுக்காரர் கேட்டது

மேரியின் வீட்டுக்காரர் ஒரு நாள் மல்லாட்டைப் பையோடு (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்) கல்லூரிக்கு வந்தார். நல்ல மனிதர். அவள் படிக்க வந்ததிலிருந்து வீட்டில் சமையல் அவர்தான். இந்தப் படிப்பு எதற்கு என்று மனைவியிடம் கேட்டால் சண்டை வருகிறதாம்; அதனால் என்னிடம் கேட்க வந்திருந்தார். இனி மேரி ஊசி போட வேண்டியதில்லை, கட்டுக் கட்ட வேண்டியதில்லை, மற்ற நர்ஸ்கள் சரியாகச் செய்கிறார்களா என்று பார்த்தால் போதும் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் பையை என் மேஜைமேல் வைத்தார்.

"நல்லா ஊசி போடுறவளை ரெண்டு வருசம் படிக்க வெச்சு, ஊசியே போட வேணாம்னு சொல்றீங்க. அப்ப சீக்காளிக்கு என்னா மேடம் லாபம்?"

டீக்கடையில் நோயாளி

மாணவிகளை அழைத்துக்கொண்டு திண்டிவனத்துக்குப் போனேன், மேரியின் ஆஸ்பத்திரிக்கே. ஆண்கள் வார்டில் ஒரு கட்டிலின் காய்ச்சல் சார்ட்டைக் கையில் எடுத்தேன். ஆறு மணிக்கு நாடி எழுபத்தெட்டு, மூச்சு பதினெட்டு என்று அழகாக எழுதியிருந்தது. என் கைக்கடிகாரத்தில் மணி நாலு.

அடுத்த கட்டிலும் அப்படியே. அதற்கடுத்ததும். முதல் கட்டிலுக்குரிய பெருமுக்கல் ஊர்க்காரரையோ கட்டிலிலேயே காணோம். இன்னும் வராத மணிக்கு, இல்லாத ஆளுக்கு நாடி எப்படிப் பார்த்தாய் என்று அங்கிருந்த நர்ஸிடம் கேட்டபோது என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. நாற்பது கட்டிலுக்கு அவள் ஒருத்திதான். டியூட்டிக்கு வந்ததும் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டால்தான் மருந்து கொடுக்க நேரம் கிடைக்குமாம். பதறாமல் என்னைச் சமாதானப்படுத்தினாள்.

"அவரு நல்லாத்தான் கீறாரு மேடம். இப்பத்தான் டீக்கடையில பார்த்துட்டு வர்றேன்."

பழைய சார்ட்

மேரி இதையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டாள்; அவளுக்குக் கைடு நான்தான். தன் பெண்கள் வார்டின் பழைய சார்ட்டுகளை அனுமதி வாங்கி எடுத்து, கேஸ் ஷீட்டோடு மணி மணியாக ஒப்பிட்டாள். ஒரு மதியம் ஒற்றைச் சார்ட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். ஓமந்தூர்ப் பெண் ஒருத்திக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். நாலு மணிக்கு நாடி எண்பது, ஆறு மணிக்கு எண்பது. ஆனால் ஐந்தே முக்காலுக்கே, உள்ளே ரத்தம் கசிகிறது என்று அவளை மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய்விட்டதாகக் கேஸ் ஷீட் சொன்னது. மறுநாள் காலை இறந்துவிட்டாள்.

எழுதினது நான்தான் மேடம் என்றாள் மேரி. ஆறு மணிக்கு மட்டுமல்ல, நாலு மணிக்கும் அந்தக் கையைத் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டிருந்தால் நாடி ஓடுகிற ஓட்டத்தில் அப்போதே தெரிந்திருக்கும். இந்தப் பொய்ச் சார்ட்டுகளில் ஒன்று நான் எழுதியது என்று ஆய்வில் ஒரு வரி சேர்க்கப்போவதாகச் சொன்னாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? வேண்டாம் என்றேன். பெயர் எதுவும் போடுவதில்லை, யாருக்கும் தெரியப்போவதில்லை, இன்சார்ஜ் பதவி போய்விடும் என்றேன். இத்தனை வருடம் தொழில் நேர்மை பற்றிப் பாடம் எடுத்த அதே வாயால்தான் சொன்னேன். அவள் சார்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"மத்தவங்க பண்ணத எழுதிக்கினு என்னோடத மட்டும் மறைச்சா, நாளைக்கு நான் யாரை மேடம் கேள்வி கேப்பேன்?"

வைவா

ஆய்வின் வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பரீட்சையாளர், மேரி சேர்த்த அந்த வரி இருந்த பக்கத்தைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மேரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவர் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து, பக்கத்தின் ஓரத்தில் வைத்து அளந்தார்.

"இடது பக்கம் ஒன்றரை அங்குலம் மார்ஜின் விடணும்னு உங்க கைடு சொல்லித் தரலையா?"

நிர்வாகி

ஆய்வைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரி நிர்வாகம் அவளைக் கூப்பிட்டது. மேரிக்குத் துணையாக நானும் போனேன். ஆறு மணி நாடியை ஆறு மணிக்குப் பார்க்க வேண்டுமானால் வார்டுக்கு இன்னும் இரண்டு நர்ஸ் வேண்டும் என்ற அவளுடைய பரிந்துரையை நிர்வாகி தொடவே இல்லை. அந்த ஒரு வரியின் கீழ் மட்டும் சிவப்பு மையில் கோடு இழுத்திருந்தார். இறந்த பெண்ணின் குடும்பம் இதைப் பார்த்தால் என்ன ஆகும் என்று கேட்டார். அவங்களப் பார்த்துச் சொல்லிட்டுத்தான் சார் இங்க வர்றேன் என்றாள் மேரி. எனக்கே அது புதுச் செய்தி. நிர்வாகி பேனாவை மூடினார்.

"உங்களைப் படிக்கத்தான் அனுப்பினோம் சிஸ்டர். பழசையெல்லாம் கிளற அனுப்பல."

பாடத்தை நிஜமென்று எடுத்துக்கொள்ளும் மாணவியும் ஒருத்தி வருவாள் என்பதை மட்டும் எங்கள் பாடத்திட்டத்தில் யாரும் சேர்க்கவில்லை. எம்.எஸ்சி. பட்டம் பெற்ற ஆரோக்கியமேரி இப்போது முகையூரில் ஒரு சின்ன கிளினிக்கில் ஊசி போடுகிறாள்.