களத்து வீட்டு அடுப்பு

ஒரு குடும்பம் ஒரு வீட்டுக்குக் குடிபோவது எந்த நேரத்தில்? கதவு வைக்கும்போதா, பாய் விரித்துப் படுக்கும்போதா, குழந்தைக்குப் பால் காய்ச்சும்போதா? இதை என்னிடம் கேட்டவர்களுக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

வீடு, பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரும் சாலையில், ஊருக்குச் சற்று முன்னால் வயலுக்குள் இருக்கிறது. நெல் அடிக்கிற களத்தை ஒட்டி ஒரு விவசாயி கட்டியது. இரண்டு அறை, ஒரு சமையலறை, நாட்டு ஓடு, சுண்ணாம்புச் சுவர். நிலத்தில் உப்பு ஏறி விளைச்சல் நின்றதும் அவருடைய பிள்ளைகள் விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர் என் அப்பா. அவர் மீன் வியாபாரி. நெல்லுக்கும் அவருக்கும் சம்பந்தம் சாப்பாட்டில் மட்டும்தான். வாங்கிப் பூட்டி வைத்திருந்தார்.

நாங்கள் இருந்தது பாலத்துக்கு அந்தப் பக்கம், ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் குப்பத்தில். கணவரின் வீடு. அவருக்கு அப்பா அம்மா இல்லை. அதே தெருவில் அவருடைய அக்கா இருக்கிறார். மழைக்காலத்தில் வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறும். மகனுக்கு ஒரு வயது முடிந்த மழையில் இளைப்பு வந்தது. மூச்சு விடும்போது விலா எலும்பு உள்ளே போய் வருவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். ஈரம் ஆகாது என்று டாக்டர் சொன்னார். அப்பாவிடம் போனில் சொன்னேன்.

"அந்தக் களத்து ஊடு சும்மாதானம்மா கெடக்குது. ஓட்ட மாத்தினு மழைக்கு அங்க போயி இரேன்."

"மாப்ள ஒத்துக்கணுமே நைனா."

"அவுரு ஒத்துக்குவாரு. நீதான் ஒத்துக்கினப்புறம் ரெண்டு நாளு யோசன பண்ணுவ."

அவர் சொன்னது மழைக்கு என்று மட்டும்தான்.

கணவர் ஏரியில் தொழில் செய்கிறார். எங்கள் ஏரியில் நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. வலை கட்டும் இடங்களுக்குப் பாடு என்று பெயர். ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று முறை வைத்துக்கொள்ளும். குப்பத்தில் குடியிருக்கிற, கல்யாணமான ஒவ்வொரு ஆணுக்கும் ஒரு பங்கு. முறை வராத நாட்களில் அவருக்கு வேலை இல்லை. அந்த நாட்களில் வீட்டு வேலை நடந்தது.

முதலில் கதவு. பழவேற்காட்டுக்குள் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். தெருவோரம் சாத்தியிருந்த இரட்டைக் கதவை அவர் பார்த்துவிட்டு வந்தார். பர்மா தேக்கு. பித்தளைக் குமிழ்களை யாரோ பிடுங்கியிருந்தார்கள். துளைகள் மட்டும் வரிசையாக இருந்தன. மினி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தால், எங்கள் வாசலைவிட ஒரு சாண் உயரம். கதவை அறுக்கலாம் என்றேன்.

"கதவ அறுத்தா கதவு போச்சி. செவுத்த இடிச்சா திரும்பக் கட்டிக்கலாம்."

"செவுரு மேல ஓடு இருக்குதுங்க."

"ஓடு எங்க போவப் போவுது? அங்கியேதான் இருக்கும்."

ஓடு அங்கேயே இருக்கவில்லை. சுவரில் இரண்டு வரிசைச் செங்கல் எடுத்ததும் முன்பக்கத்து ஓடுகள் மொத்தமாகச் சரிந்தன. கீழே யாரும் இல்லை. கொஞ்ச நேரம் முன்புதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு களத்துக்குப் போயிருந்தேன், காரணம் எதுவும் இல்லாமல். பிறகு அவர் பனங்கைச் சட்டங்கள் வைத்து முன்பக்கக் கூரையைத் தூக்கிக் கட்டினார். தூரத்திலிருந்து பார்த்தால் வீடு ஒரு புருவத்தை மட்டும் உயர்த்திக்கொண்டு நிற்பதுபோல இருக்கும்.

மாமனாரின் மரப் படகு, ஃபைபர் படகு வாங்கிய பிறகு கரையிலேயே கிடந்தது. அதைப் பிரித்து அந்தப் பலகைகளில் பரண் போட்டோம். சமையலறை அலமாரியும் அதிலேதான். பழைய பெயிண்டில் குழந்தைகளுக்கு ஆகாதது இருக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, களத்தின் கோடியில் உட்கார்ந்து, பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் சிவப்பு என்று சுரண்டினேன்.

"நாங்கல்லாம் அந்தப் பலவைய நக்கினுதான் வளந்தோம்" என்றார்.

"அதான் தெரியுதே" என்றேன்.

சுண்ணாம்பு கிளிஞ்சல் சுண்ணாம்புதான். களத்தில் குழி வெட்டி ஊறப்போட்டு, வெல்லமும் கடுக்காயும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்தோம். குழந்தை குழியில் விழுந்துவிடுவானோ என்று சுற்றிலும் கழி நட்டுப் பழைய வலையைக் கட்டினேன். அவர் வந்து பார்த்தார். ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து மறுபடி கட்டினார். ஓட்டுக்கு அடியில் வைக்க ஓலைத் தட்டி வேண்டும் என்று, பழவேற்காட்டில் பனை ஓலையில் பெட்டி முடையும் ஒரு அம்மாவிடம் போனேன். அறையின் அளவைச் சொன்னேன். "கொழந்தைய வெச்சி மூடறதுக்குப் பொட்டி கேக்குற மாதிரி இருக்குது" என்றார். ஆனால் செய்து கொடுத்தார். அதன் கீழே படுத்துப் பார்த்தால் ஒரு பெரிய பெட்டிக்குள் இருப்பது போலத்தான் இருக்கிறது.

பூச்சு முடிந்த பிறகு அது வெடிக்காமல் இருக்கப் பல நாட்கள் சுவரை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே, முன்பே பூசிக் காய்ந்திருந்த அறையில் மகனோடு அங்கேயே தங்கினோம். சாப்பாடு மட்டும் குப்பத்திலிருந்து வந்தது. காலையில் அங்கே போய்ச் சமைத்து, அடுக்கு கேரியரில் எடுத்துக்கொண்டு பாலம் தாண்டி வருவேன். பாலும் அங்கேயே காய்ச்சி ஃபிளாஸ்கில் வரும். இதற்குக் காரணம் உண்டு. எங்கள் குப்பத்தில், ஒருவனுக்கு அடுப்பு எரிகிற இடம்தான் ஊர். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர்கள் மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்கினாலும் பங்கு போகாது. அவர்கள் மனைவியின் அடுப்பு குப்பத்தில் எரிகிறது. மீஞ்சூரில் வீடு கட்டிப் பால் காய்ச்சிக் குடிபோனவருக்குப் பங்கு போயிற்று. எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் களத்து வீட்டுக்கு ஒரு தீப்பெட்டிகூடக் கொண்டுபோகாமல் இருந்தேன்.

ஒருநாள் ஃபிளாஸ்கைத் திறந்தால் பால் திரிந்திருந்தது. குழந்தை அழுதான். கணவர் தன் முறைக்கு ஏரியில் வலை கட்டப் போயிருந்தார். சாலையோரக் கடையில் பாக்கெட் பாலும் தீப்பெட்டியும் வாங்கினேன். சமையலறையில் அந்த விவசாயி வீட்டு அடுப்பு இருந்தது. இடிக்க மனமில்லாமல் அதற்கும் சுண்ணாம்பு பூசியிருந்தோம். மரச் சுருள் எங்கும் கிடந்தது. பற்றவைத்தேன். பால் ஒருமுறை காய்ந்தது. பாக்கெட் பாலுக்கு ஒருமுறை போதாது என்று தோன்றியது. மறுபடி வைத்தேன். அதற்குள் குழந்தை, மரம் இழைக்கும் இழைப்புளியை நோக்கி நடந்தான். அதன் கத்தி கூர்மையானது. ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு திரும்பினால் பால் பொங்கி அடுப்பின் வெள்ளைச் சுவரில் வழிந்துகொண்டிருந்தது.

வாசலில் நாத்தனார் நின்றிருந்தார். அவர் இந்தப் பக்கத்து ஊர்களில் கூடை வைத்து மீன் விற்கிறவர்.

"இன்னாடி, சொல்லாம கொள்ளாம பால் காச்சிட்ட? கூடப் பொறந்தவ ஒருத்தி இருக்கறாளேன்னு நெனப்பு இல்ல?"

"அய்யோ அண்ணி, கொழந்தைக்குக் காச்சினேன்."

"கொழந்தைக்குக் காச்சினா பொங்குமா? கெழக்கால பொங்கிக்குது பாரு. நல்லதுதான், போ."

"அண்ணி, நெசமாவே..."

"எனக்கு இன்னாத்துக்குடி கத சொல்ற? வெறுங்கையோட வந்தேன்னு பேச்சு வாணாம், இந்தா." கூடையிலிருந்து இரண்டு மடவை மீன் எடுத்து வாசற்படியில் வைத்தார். ஒரு சொட்டுப் பாலைத் தொட்டு மருமகன் நாக்கில் வைத்தார். அவர் முகத்தில் சந்தோஷம்தான் இருந்தது. அன்று மாலை கணவர் கரை ஏறும்போதே நாலு பேர் அவரைப் பார்த்து, விருந்து எப்போது என்று கேட்டிருக்கிறார்கள்.

சில நாள் கழித்து அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடிச் சீட்டுப் போட்டது. ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் பெண்கள் வேம்புக்குப் பின்னால் நின்றோம். கணவரின் முறை வந்ததும் சீட்டு எடுப்பதை நிறுத்தினார் பெரியப்பா. கணவருடைய அப்பாவின் அண்ணன். ஊருக்குப் பெரியவர்களில் ஒருவர்.

"உன் ஊட்ல பால் பொங்கிச்சாமே."

"கொழந்தைக்குப் பெரிப்பா."

"எங்க ஊட்லயும் கொழந்தைக்குத்தான் காச்சறோம்" என்றது ஒரு குரல். "அதுக்குன்னு தேக்குக் கதவு வெக்கலியே."

"கதவு வெச்சிக்கிற. பரண் போட்டுக்கிற. பால் பொங்கிக்கிது. குடி போவலன்னும் சொல்ற" என்றார் பெரியப்பா. "அப்ப அது இன்னாது, கோழிக் கூடா?"

எல்லோரும் சிரித்தார்கள். கணவரும் சிரித்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"மழைக்கு மட்டும் பெரிப்பா. பையனுக்கு எளப்பு."

"பையன நாங்க வாணான்னா சொல்றோம்? மீஞ்சூருக்குப் போனவன் வந்து கேட்டா நான் இன்னா சொல்றது? ரெண்டு அடுப்பு ஆவாது. இந்தவாட்டி சீட்டு எடு. அடுத்த சீட்டுக்குள்ள எந்த ஊருன்னு சொல்லிடு."

அதில் அநியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. வெளியே போகிறவர்களெல்லாம் பங்கை வைத்துக்கொண்டால், உள்ளே இருப்பவர்களுக்கு முறை வர நாளாகும். ஏரி அதே அளவுதான் இருக்கிறது. ஆனால் ஒருமுறை எடுத்த பங்கைத் திரும்பச் சேர்த்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கணவரின் பங்கு போனால் மகனுக்கும் இல்லை. அவன் பெரியவனாகி அதைக் கேட்பானா, துறைமுகத்துக்குப் போவானா, இரண்டும் இல்லாமல் எங்காவது போவானா, தெரியாது. வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் அவனை நிறுத்துவது ஒன்று. கேட்கவே முடியாத இடத்தில் நிறுத்துவது வேறு.

களத்து வீட்டுக்கு வந்த பிறகு அவனுக்கு இளைப்பு குறைந்திருக்கிறது. நாங்கள் வந்தது மழை முடிந்த பிறகு. அடுத்த மழையைப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். அடுத்த சீட்டு மழைக்கு முன்னால் வருகிறது.

கணவரிடம் கேட்டேன். மீதமிருந்த படகுப் பலகையில் மகனுக்குக் கட்டில் இழைத்துக்கொண்டிருந்தார்.

"நீ படிச்சவ. நீ சொல்லு."

"என் படிப்புல இது வரல."

கொஞ்ச நேரம் இழைத்தார். "நான் அங்க அடுப்பு வெச்சிக்கினு கெடக்கறன். நீங்க ரெண்டு பேரும் இங்க இருங்க."

"உங்களுக்குச் சோறு வடிக்கத் தெரியுமா?"

"அடுப்புதான எரியணும்னாங்க. சோறு வேவணும்னு யாரும் சொல்லலியே."

சிரிப்பதற்காகச் சொன்னாரா, முடிவாகச் சொன்னாரா என்று கேட்கவில்லை. கேட்டால் இரண்டில் ஒன்றைச் சொல்லிவிடுவார்.

இப்போதைக்குக் களத்து வீட்டு அடுப்பு எரிவதில்லை. தினமும் காலையில் மகனை முன்னால் உட்கார வைத்து ஸ்கூட்டியில் குப்பத்துக்குப் போகிறேன், சமைக்கிறேன், கேரியரோடு திரும்புகிறேன். பாலத்தில் பெரியப்பா எதிரே வந்தால், "சோறு ஊர்கோலம் போவுதா?" என்று கேட்பார். கோபமில்லாமல்தான் கேட்கிறார். இது ஊரை ஏமாற்றுவதா, ஊருக்குக் கட்டுப்படுவதா என்று பாதி வழியில் யோசிப்பேன். சாலைப் புழுதி அவனுக்கு ஆகுமா என்று மீதி வழியில் யோசிப்பேன்.

பிள்ளையின் உடம்புக்காக, ஊரில் தலைமுறையாக இருந்த ஒரு உரிமையை விட்டுவிட்டு வெளியே வந்தவர்கள் இதைப் படிப்பவர்களில் இருக்கலாம். விடாமல் அங்கேயே இருந்து சமாளித்தவர்களும் இருக்கலாம். நீங்கள் என்ன செய்தீர்கள், பிள்ளை வளர்ந்த பிறகு அதைப் பற்றி உங்களிடம் என்ன கேட்டான், அல்லது கேட்டாள்? குடும்பத்தை இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்தவர்கள், எத்தனை காலம் அது தாங்கியது என்று சொல்லுங்கள். எனக்குச் சாதகமாகத்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. எது எனக்குச் சாதகம் என்றே எனக்குத் தெரியாது. சீட்டுப் போடுவதற்கு முன்னால் எழுதினால் உதவியாக இருக்கும்.